பனிவெளி மாந்தரும் கதாசிரியர் வகுத்த சட்டமும்

வடதுருவத்தை அடுத்துள்ள மரமற்ற உறைநிலத்தைத் தூந்திரம் என்பர். அங்கே கோடையிலும் நிலத்தின் மேற்பரப்பு மட்டுமே இளகும்; அதன் கீழே மண் ஆண்டு முழுதும் கல்லைப்போல் இறுகிக் கிடக்கும். நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது இத்தகைய நிலம் ஒன்று உண்டென்பதை அறியார். ஆதலால் பனி என்ற ஒரே சொல் புல்நுனியிற் படியும் துளிக்கும், பல திங்கள் தரையை மூடிக்கிடக்கும் வெண்குவியலுக்கும் நம் மொழியிற் பெயராக நிற்கின்றது. தூந்திரம் என்ற சொல்லும் நமதன்று. அதனை உலகெங்கும் பரப்பிய ருசியருடையதுமன்று. ஐரோப்பாவின் வடமுனையில் வாழும் சாமியரின் மொழியிலிருந்து அவர்கள் பெற்றுக்கொண்ட சொல் அது. (சாமியர் என்பது அம்மக்கள் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் பெயர். நம் ஊர்க் கோயிற் சாமிகளோடு அவர்களுக்கு யாதோர் உறவும் இல்லை. நேயர்கள் அஞ்ச வேண்டா.)

நிலத்தின் பெயர் அம்மக்களிடமிருந்து வந்தது. ஆனால் அம்மக்களைப் பற்றி நம் நெஞ்சிற் பதிந்திருக்கும் படமோ அவர்களிடமிருந்து வந்ததன்று. பள்ளிச் சிறுவன் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். பனிக்கட்டியால் வீடு கட்டுவர், பச்சை இறைச்சியைத் தின்பர், கிழவரானோரைப் பனியிலே விட்டுச் செல்வர் என்று மூன்று செய்திகளை ஒப்புவிப்பான். இம்மூன்றாவது செய்தி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கதைகளிலிருந்து வந்தது. அத்தகைய கதைகளுள் தலைசிறந்த ஒன்றை எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மட்டமான கதையைக் கண்டிப்பது எளிது. அதனால் எவருக்கும் பயனில்லை. நல்ல கதை சொல்லும் பொய்யே நெடுநாள் வாழ்வது.

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் 1901-ஆம் ஆண்டில் வெளியிட்ட “வாழ்வின் சட்டம்” என்னும் சிறுகதையையே குறிப்பிடுகின்றோம். கதை மிகச் சிறிது. கோஸ்கூஷ் என்னும் முதியவன் பனியில் அமர்ந்திருக்கின்றான். கண்பார்வை போய்விட்டது, காது மட்டும் கூர்மையாய் இருக்கின்றது. ஒரு காலத்தில் அக்கூட்டத்திற்கு அவனே தலைவன். இப்பொழுது அவன் மகன் தலைவன். கூட்டம் இடம்பெயர்கின்றது. கூடாரங்களைப் பிரிக்கும் ஓசை, பேத்தி நாய்களை அடித்துப் பூட்டும் ஓசை, ஒரு நோயாளிக் குழந்தையின் அழுகை எல்லாம் அவன் காதில் விழுகின்றன. அக்குழந்தை விரைவில் இறக்கும். உறைந்த தூந்திரத்தை நெருப்பால் இளக்கிக் குழி தோண்டி மேலே கற்களை அடுக்குவர் என்று அவன் எண்ணிக்கொள்கின்றான். அவனருகே ஒரு சிறு நெருப்பும் ஒரு கட்டு விறகும் வைக்கப்பட்டுள்ளன. மகன் வந்து தலையில் கைவைத்து, நலந்தானா என்று வினவுகின்றான். நலமே என்று கிழவன் விடையளிக்கின்றான். வண்டிகள் போய்விடுகின்றன.

பின்னர் அவன் நினைவுகள். இளமையில் சிங்கா என்னும் தோழனோடு, மூஸ் என்னும் பெருங்கொம்புமான் ஒன்றை ஓநாய்கள் சுற்றி வளைத்து வீழ்த்திய தடத்தைப் பின்பற்றிச் சென்றதை நினைக்கின்றான். கிழமான் விழுந்தும் எழுந்தும் போராடிய ஒவ்வோரிடமும் பனியில் எழுதி வைத்தாற்போல் இருந்தது. அந்நினைவு முடியுமுன் ஓநாய்கள் அவனையே சூழ்கின்றன. எரியும் கொள்ளி ஒன்றை எடுத்து வீசுகின்றான். பிறகு, வாழ்வைப் பற்றி நிற்பானேன் என்று கொள்ளியைப் பனியிலே போட்டுவிட்டுத் தலையை முழங்காலிற் சாய்க்கின்றான்.

இதைப் படித்து நெஞ்சு இளகாதவர் இரார். கண்ணில்லாதவன் காதின் வழியே ஓர் ஊரே எழுந்து போவதைக் காட்டுவது பெருந்திறன். விறகுக்கட்டைக் கைவிரல்களால் எண்ணிப் பார்த்துத் தன் வாழ்நாளை அளந்துகொள்ளும் இடத்தைப் படித்த பிறகு நெடுநேரம் எமக்குப் புத்தகத்தைத் தொட மனம் வரவில்லை. பேத்தி இன்னும் சிறிது விறகு பொறுக்கி வைத்திருக்கலாகாதா என்று கிழவன் ஒரு கணம் குறைப்படுகின்றான். கதையிலுள்ள ஒரே மனிதக் குரல் அதுதான் என்று சொல்லத் தோன்றுகின்றது.

ஏனெனில் எஞ்சிய குரல் கோஸ்கூஷின் குரலன்று. தனிமனிதனைப் பற்றி இயற்கைக்குக் கவலை இல்லை, இனத்தைப் பற்றியே கவலை என்றும், உயிர்க்கு இயற்கை இட்ட வேலை இனத்தைப் பெருக்குவது, இட்ட சட்டம் மடிவது என்றும் அக்கிழவன் எண்ணுவதாக ஆசிரியர் எழுதுகின்றார். இவை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேனாட்டு நூல்நிலையங்களில் உலவிய கருத்துக்கள். டார்வினையும் ஸ்பென்சரையும் இரவெல்லாம் படித்த இளைஞர் லண்டன். பொன் தேடி 1897-இல் கிளாண்டைக்குக்குச் சென்று, ஒரே ஒரு குளிர்காலத்தைக் கழித்து, பல்லீறு கெடும் நோயோடு 1898-இல் திரும்பியவர். தாம் நூலிற் கற்றதைப் பனிவெளியிற் கண்டதாக எண்ணிக் கிழவன் வாயில் ஏற்றிவிட்டார். அவரோ சமதர்மக் கொள்கை உடையவர். ஏழைகளின்பால் இரக்கம் உள்ளவர். அத்தகையவர் கைப்பட இது வந்ததுதான் வருந்தத்தக்கது.

கதையின் சான்றுகளே கதையின் சட்டத்தை மறுக்கின்றன. கூட்டம் ஏன் விரைகின்றது? உணவில்லை, வயிறு ஒட்டிக்கிடக்கின்றது. அப்படியானால் கிழவனைக் கொல்வது பசி. ஆனால் அதே கிழவன், நாய்களும் கொழுத்துத் திரிந்த வளமான ஆண்டுகளையும் நினைவுகூர்கின்றான். அவ்வாண்டுகளில் முதியோர் என்ன செய்யப்பட்டனர்? கதை சொல்லவில்லை. சொன்னால் சட்டம் சட்டமாய் இராது, பஞ்சகாலத்து ஏற்பாடாகிவிடும். ஏற்பாடென்றால், யார் ஏற்படுத்தியது, மாற்ற இயலுமா என்ற கேள்விகள் எழும். இயற்கையின் சட்டம் என்றுவிட்டாலோ கேள்விக்கு இடமில்லை. மனிதன் செய்த வழக்கத்திற்கு இயற்கையின் முத்திரையைக் குத்துவது எத்தகைய வேலை என்பதைப் பிறப்பாலே உயர்வு தாழ்வு உண்டென்று ஆயிரம் ஆண்டுகள் கேட்டுவந்த தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உண்மையில் அங்கெல்லாம் முதியோரை எவ்வாறு நடத்தினர்? எல்லாப் பனிவெளியாரும் ஒரே கூட்டத்தார் அல்லர். ஆயினும் ஓரிடத்துச் செய்தி நன்கு பதியப்பட்டுள்ளது. ஆசியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்களிடையே, ஜார் ஆட்சியால் நாடுகடத்தப்பட்ட போகராஸ் என்னும் அறிஞர் இருந்து ஆராய்ந்து, 1904 முதல் பகுதி பகுதியாகப் பெருநூல் வெளியிட்டார். அவர் கூறுவதன்படி, முதுமையாலோ நோயாலோ துயராலோ வாழ்வை வெறுத்தவர் தம்மைக் கொன்றுவிடுமாறு உறவினரைக் கேட்கும் வழக்கம் சுக்சியரிடம் இருந்தது. அது கொடியதே, நாம் அதனை மெச்சவில்லை. ஆனால் அது கேட்டுப் பெறும் சாவு. கூட்டம் ஓசையின்றி எழுந்துபோய் விட்டுச் செல்லும் சாவன்று. மான் மந்தை வளர்க்கும் சுக்சியரிடையே மந்தையின் உரிமை முதிய தந்தையின் கையிலேயே இருந்ததால், கிழவருக்கு வீட்டில் மதிப்பு இருந்தது என்றும் அவர் குறித்துள்ளார். சொத்து யார் கையில் உள்ளதோ அவரை யாரும் பனியில் விட்டுச் செல்வதில்லை போலும்! இதுவும் ஒரு சட்டந்தான்; இதனை நம் தோட்டத்துப் பாட்டிமாரும் அறிவர்.

லண்டன் எழுதிய வேறொரு கதையைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரைத் தூந்திரத்தில் வாழும் சிறு கூட்டத்தைச் சேர்ந்த நாம்-போக் என்பவன் புயலில் அடித்துச் செல்லப்பட்டுப் பல்லாண்டு கழித்துத் திரும்புகின்றான். இரும்புக் கப்பல் மிதப்பதையும், கருங்கல்லைத் தின்று ஓடும் புகைவண்டியையும் பற்றிக் கூறுகின்றான். ஊரார் அவனைப் பொய்யன் என்றும், செத்தவர் உலகிலிருந்து வந்த நிழல் என்றும் தீர்த்துத் துரத்திவிடுகின்றனர். நகைச்சுவை நன்றாயிருக்கின்றது. ஆனால் சிரிப்பு யாரைப் பார்த்து? புதுமையைக் கேட்டால் நம்பாத பேதைகள் என்று அவர்களைப் பார்த்தே. பனிவெளியில் பிழைப்பவன் கண்ணால் காணாததை எளிதில் நம்பினால் முதற் குளிர்காலத்திலேயே மடிவான் என்பதை ஆசிரியர் எண்ணவில்லை.

கதைக்கு மேல் திரைப்படம் செய்த வேலை பெரிது. 1922-இல் பிளாஹர்ட்டி என்பவர் கானடாவின் ஹட்சன் வளைகுடாக் கரையில் எடுத்த “வடக்கின் நானூக்” என்னும் படத்தை உலகம் உண்மைப் படம் என்று கொண்டாடியது. நானூக் என்பது அம்மனிதரின் பெயரன்று; அவர் பெயர் அல்லாகரியால்லாக். துப்பாக்கியால் வேட்டையாடும் பழக்கம் வந்துவிட்ட பின்னும், படத்திற்காகப் பழைய ஈட்டியை எடுக்கச் சொன்னார்கள். பனிவீட்டிற்குள் வெளிச்சம் போதாமையால் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்துவிட்டு, அந்தக் குளிரில் குடும்பத்தார் உறங்குவதுபோல் நடிக்கச் செய்தார்கள். இசைத்தட்டை முன்னரே அறிந்திருந்தவரை, அதனைக் கடித்துப் பார்க்கச் சொன்னார்கள். படத்திற்குப் பணம் கொடுத்தது மென்மயிர்த் தோல் வாணிகம் செய்த ஒரு பிரெஞ்சுக் கம்பெனி. இவ்வளவுக்கும் பிளாஹர்ட்டி அம்மக்களை இகழ்ந்தவர் அல்லர், விரும்பியவர். அவர் விரும்பியது துப்பாக்கி ஏந்தாத, இசைத்தட்டு அறியாத ஒரு கூட்டத்தை. அது அங்கே இல்லாமையால் அவரே ஒன்றைப் படைத்துக்கொண்டார்.

எங்கோ ஒரு மூலையில் எவரோ எழுதிய கதைக்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி, பால்மரக் காட்டை அறிந்த நமக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். பால்மரக் காட்டைப் பற்றியும் கதை உண்டு. மலாயாத் தோட்டத்தில் துரையாயிருந்த போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய “மலாயா” என்னும் நாவல் 1930-இல் கொங்கூர்ப் பரிசு பெற்றது. அழகிய நூல்தான். அதிலும் தமிழன் வருகின்றான். பங்களாத் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிவானோ அப்படி வருகின்றான். இம்மட்டில் நிறுத்திப் பனிவெளிக்கே திரும்புவோம். அங்கே கதை சட்டப் புத்தகத்திற்குள் புகுந்த விந்தையைக் காணலாம்.

சாமியர் துருவ மான்களை ஓட்டிக்கொண்டு குளிர்காலத்தில் உள்நாட்டுக் காடுகளுக்கும், கோடையில் மலைகளுக்கும் கடற்கரைக்கும் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். நார்வே, சுவீடன், பின்லாந்து என்ற எல்லைகள் அவர்களைக் கேட்டு வகுக்கப்பட்டவை அல்ல. சுவீடன் நாட்டு அறிஞரும் அதிகாரிகளும் உண்மையான சாமியன் என்றால் கூடாரத்தில் வாழ்ந்து மான் மேய்ப்பவனே என்று முடிவு கட்டிவிட்டனர். 1913-இல் மேய்ப்பர் குழந்தைகளுக்கென்று தனிப்பள்ளிகளை நிறுவி, கூடாரத்திலேயே பாடம் நடத்தினர். நல்ல வீட்டிலும் நாற்காலியிலும் பழகினால் பிள்ளைகள் கெட்டு மேய்ச்சலை விட்டுவிடுவர் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே கொள்கையால் 1928-ஆம் ஆண்டுச் சட்டம், மான் மேய்ப்போர்க்கே சாமியருரிமை என்று வரையறுத்தது. மீன் பிடித்தவர், உழுது பயிரிட்டவர் ஆகிய சாமியர் ஒரே எழுத்தில் சாமியர் அல்லாதாராயினர். மேய்ப்பவனுக்கு உயர்ந்த கல்வி இல்லை. மேய்க்காதவனுக்கு உரிமை இல்லை. இரண்டும் ஒரு படத்தின்மேல் கட்டியவை. பனிவெளியில் என்றும் அலைந்து திரியும் மாறாத கூட்டம் என்ற அப்படத்தை வரைந்தவர்கள் கவிகளும் பிரயாணிகளுமே.

அந்தப் படத்திற்கு எதிராக எழுந்த முதல் நூலை எழுதியவர் யோஹான் டூரி. 1854-இல் நார்வேயின் கௌத்தோகெய்னோவிற் பிறந்தவர். 1852-இல் நார்வே எல்லை மான் மந்தைகளுக்கு மூடப்பட்டதன் விளைவாகப் பல குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. அவர் குடும்பமும் சுவீடன் பக்கம் வந்து சேர்ந்தது. அவருக்கு மேய்ப்பைவிட ஓநாய் வேட்டையிலே நாட்டம் மிகுதி. 1904-இல் புகைவண்டியில் எமிலி டெமான்ட் என்ற டேனிய ஓவியப் பெண்ணைக் கண்டார். அவர் சாமியர் மொழியைக் கற்றுக்கொண்டு 1907-இல் திரும்பிவந்து அக்குடும்பத்தாரோடு தங்கினார். கூட்டத்தோடு இடமும் பெயர்ந்தார். டூரி எழுதியவற்றை ஒழுங்குபடுத்தி டேனிய மொழியிற் பெயர்த்தார். 1910-இல் சாமிமொழியும் டேனிய மொழியும் எதிரெதிரே அமைய நூல் வெளிவந்தது. சமயஞ் சாராத பொருள்பற்றிச் சாமியர் ஒருவர் தம் மொழியில் எழுதிய முதல் நூல் அதுவே. அச்சுச் செலவிற்கு உதவியவர் கிருணா இரும்புச் சுரங்கத்தின் தலைவர் லுண்ட்போம். சாமியர் நிலத்தைத் தோண்டிய சுரங்கத்தின் பணந்தான். நானூக் படத்தின் தோல் கம்பெனியைக் குத்திக்காட்டிய நாம் இதனையும் மறைக்கலாகாது. பணம் எங்கிருந்து வந்தது என்பதைவிடப் பேனா யார் கையில் இருந்தது என்பதே பெரிதாயிற்று.

டூரியின் நூலிற் சட்டம் எதுவும் இல்லை. எல்லாம் வேலை. வண்டியிழுக்க மானை எவ்வாறு பழக்குவது, ஓநாயின் பின்னே சறுக்குக்கட்டைகளில் எப்படி விரைவது, இடம்பெயரும் வழியில் பிள்ளைபெறும் பெண்ணுக்கு என்ன செய்வது, எந்தப் புண்ணுக்கு எதை வைத்துக் கட்டுவது என்று அடுக்கிக்கொண்டே போகின்றார். குடியேறியவர்கள் எந்த மேய்ச்சல்களிலிருந்து தம்மவரை விரட்டினர் என்பதையும் சொல்கின்றார். சாமியரின் நிலைமை அரசாங்கத்தாருக்குச் சரியாகத் தெரியவில்லை, தெரிவித்தால் திருந்துவர் என்ற நம்பிக்கையோடு எழுதியவர் அவர். அந்நம்பிக்கை எவ்வளவு நிறைவேறிற்று என்பதற்கு 1928-ஆம் ஆண்டுச் சட்டமே விடை. நூலில் குறைகளும் உண்டு. ஒழுங்கு குறைவு, சொன்னதையே சொல்கின்றார். மந்திரமும் பேயும் வரும் பகுதிகளில் பகுத்தறிவாளர்க்கு உடன்பாடு இராது; எமக்கும் இல்லை. ஆனால் அதை அவர் நம்புகின்றார், நாம் நம்பவில்லை. இருவரும் நேருக்கு நேர் நின்று வழக்காடலாம். கோஸ்கூஷோடு வழக்காட முடியாது. அவன் வாயில் இருப்பது அவன் கருத்தன்று.

இனி ருசிய நாட்டுப் பனிவெளியார் எழுதிய இரு நூல்கள். சுக்சி எழுத்தாளர் யூரி ரித்கேவு (1930–2008) எழுதிய “துருவ மூடுபனியில் ஒரு கனவு” 1910-ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. ஜான் என்னும் கானடிய மாலுமியின் கைகள் வெடிமருந்தால் சிதைந்துவிட, சுக்சியர் அவனை நாய்வண்டியில் வைத்தியத்திற்கு ஏற்றிச் செல்கின்றனர். வழியில் கை அழுகத் தொடங்குகின்றது. மந்திரக்காரி ஒருத்தி கத்தியோடு நெருங்க, காட்டுமிராண்டிகள் தன்னைக் கொல்லப்போகின்றனர் என்று அவன் அலறுகின்றான். அவளோ அழுகியதை அறுத்தெறிந்து உயிரைக் காப்பாற்றிவிடுகின்றாள். திரும்பி வந்து பார்த்தால், அவனுக்காகக் காத்திருப்பதாகச் சொன்ன வெள்ளையர் கப்பல் அவனைக் கைவிட்டுப் போய்விட்டது! பனியில் ஆளை விட்டுச் செல்பவர் யார் என்ற கேள்விக்கு இதைவிட அழகிய மறுமொழி வேண்டுமா? ஆயினும் பிற்பகுதியில் ரித்கேவுவின் மாந்தர் சற்று மிகையாகவே நல்லவர்கள். மறுமொழி சொல்ல வந்தவனுக்கு வரும் நோய் அது.

அந்நோய் தீண்டாத நூல் அன்னா நெர்காகி என்னும் அம்மையார் 1977-இல் வெளியிட்ட “நோகோ குலத்து அனிக்கோ”. அவர் யமால் தீபகற்பத்தில் மான் மேய்க்கும் நெனெட்ஸ் குலத்தவர். சோவியத் அரசு மேய்ப்பர் குழந்தைகளைக் கூடாரத்திலிருந்து அழைத்துச் சென்று விடுதிப் பள்ளிகளில் வைத்துப் படிப்பித்தது. அவரும் அவ்வாறு படித்தவர். கதையின் அனிக்கோவும் அப்படிப்பட்டவளே. தாய் இறந்த செய்தி கேட்டு, பல்லாண்டு கழித்துக் கூடாரத்திற்கு வருகின்றாள். தந்தை செபெருய் மகளைக் காணக் காத்திருக்கின்றார். அவள் மூக்கில் முதலில் ஏறுவது தந்தையின் நாற்றம். புகை, தோல், கொழுப்பு, முதுமை எல்லாம் சேர்ந்த நாற்றம். அவரைத் தொட அருவருக்கின்றாள், அருவருப்பதற்காக நாணுகின்றாள். அவர் அதை அறிந்தும் அறியாதவர்போல் இருக்கின்றார்.

சீர்திருத்தம் பேசும் நமக்கு இது முள்ளாய்க் குத்தும் இடம். கல்வி வேண்டும் என்கின்றோம். பெண்ணுக்குக் கட்டாயம் வேண்டும் என்கின்றோம். சுவீடன் கூடாரப் பள்ளியில் அடைத்துவைத்தது கொடுமை என்று மேலே எழுதினோம். இங்கே கூடாரத்திலிருந்து விடுவித்துப் படிப்பிக்கின்றார்கள். படித்த பெண்ணுக்குத் தந்தையின் மேல் அருவருப்பு வருகின்றது. அப்படியானால் எதுதான் சரி? நெர்காகி இதற்கு விடை எழுதவில்லை. பள்ளியையும் பழிக்கவில்லை, கூடாரத்தையும் பாடவில்லை. பள்ளி அவளிடமிருந்து எதைப் பறித்தது என்று கணக்குமட்டும் எழுதுகின்றார். கல்வி வேண்டாம் என்று அக்கணக்கு சொல்லவில்லை. தாய்மொழியையும் தந்தையின் தொழிலையும் இழிவென்று கற்பிக்கும் கல்வியைப் பற்றிச் சொல்கின்றது என்று நாம் கொள்கின்றோம். வேறு விதமாய்க் கொள்வோரும் இருக்கலாம். நெர்காகி அம்மையார் தம்மளவில் நகரத்தை விட்டு யமாலுக்கே திரும்பி வாழலானார்.

கோஸ்கூஷின் பேத்தியையும் அனிக்கோவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். லண்டன் கதையில் அவளுக்கு நாய்களை அடிப்பதன்றி வேலையில்லை. பாட்டனை அவள் ஏன் மறந்தாள் என்று கேட்க ஆளில்லை, ஏனென்றால் சட்டம் விடை சொல்லிவிட்டது. அனிக்கோவும் முதியவர் ஒருவரைக் கைவிட்டவளே. ஆனால் அவளைக் கைவிடச் செய்தது எது என்று பக்கம் பக்கமாய்த் தேடிச் செல்கின்றோம். பள்ளி, மொழி, சோப்பின் மணம், நகரத்துத் தோழிகள் என்று காரணங்கள் ஒவ்வொன்றாய்க் கிடைக்கின்றன. காரணம் உள்ள இடத்தில் சட்டத்திற்கு வேலையில்லை.

ஆர்வமுள்ள இளைஞர் எவரேனும் டூரியையும் நெர்காகியையும் மொழிபெயர்க்க முன்வந்தால் நம் மொழிக்கு நலம். ஆங்கிலப் பெயர்ப்பிலிருந்து பெயர்த்தாலும் இழுக்கில்லை. இன்னொரு வேட்டைக் கதையைப் பெயர்ப்பதினும் அது மேல்.

டூரி தம் நூலுக்குத் தாமே படங்களும் வரைந்திருக்கின்றார். ஓவியம் கற்றவர் அல்லர். மலைமேல் நின்று பார்ப்பதுபோல் வரைந்திருப்பார். மான்கள் சிறுசிறு கோடுகள், மனிதரும் அவ்வாறே. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரிவில் இறங்குகின்றன. லண்டன் கதையில் நாம் கிழவனோடு தங்கிவிடுகின்றோம். வண்டிகளின் ஓசை தேய்ந்து மறைகின்றது. அவை எங்கே சென்றன என்று அறிய விரும்புவோர் டூரியின் படத்தைப் பார்க்கலாம்.